குடி குறைந்த தெருக்கள்: மதுரை மகால் பகுதி பற்றிய நிகழ்வு ஆய்வு

மதுரையின் விளக்குத்தூண் நிறுத்தத்தில் இறங்கி நவபத்கானா தெரு, பத்துத்தூண் சந்து வழியாகத் திருமலை நாயக்கர் மகாலை நோக்கிப் பகல் வேளையில் நடப்பவருக்குத் தோளோடு தோள் உரசாமல் பத்தடி வைப்பது அரிது. ஜவுளிக் கட்டுகளை ஏற்றிய தள்ளுவண்டிகள், சரக்கு இறக்க நிற்கும் 'குட்டியானை' என்னும் சிறு வண்டிகள், வாசலில் நின்று அழைக்கும் கடைப் பிள்ளைகள், கிராமங்களிலிருந்து மொத்தமாகத் துணி எடுக்க வந்த சிறு வியாபாரிகள் என்று தெரு நிறைந்திருக்கும். அதே வழியில் இரவு பத்தரை மணிக்கு மேல் திரும்பி வந்தால், இறக்கிய ஷட்டர்களும் பூட்டிய சரக்குக் கிட்டங்கிகளும், அங்கொன்றும் இங்கொன்றுமாக விளக்கு எரியும் மாடி ஜன்னல்களுமே எஞ்சியிருக்கும். தூங்கா நகரம் என்று பெயரெடுத்த ஊரின் நடுவிலேயே, படுத்துறங்க ஆளில்லாத தெருக்கள் உருவாகியிருக்கின்றன.

நான் பிறந்து வளர்ந்தது பந்தடித் தெருக்களில் ஒன்றில், பல குடும்பங்கள் ஒரே வாசலுக்குள் குடியிருந்த ஒரு வளவின் பின்கட்டில். என் தந்தை ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். 1990களின் இறுதியில் நாங்களும் வில்லாபுரத்துக்குக் குடிபெயர்ந்தோம். ஆகவே இந்த ஆய்வில் நான் வெளியாள் அல்லன். இங்குள்ள குடிகளின் எண்ணிக்கை குறைந்ததில் எங்கள் குடும்பமும் ஒரு பங்கு. பழைய கோட்டையின் தென்கிழக்கு மூலையாக இருந்த, விளக்குத்தூண் முதல் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களும் பந்தடித் தெருக்களும் வரையிலான பரப்பையே இங்கு 'மகால் பகுதி' என்று குறிப்பிடுகிறேன். இந்தப் பகுதி நலிந்துவிட்டது என்று பழைய குடிகள் பலர் வருந்துகிறார்கள். செழித்துவிட்டது என்று மனை வாங்கி விற்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டு கூற்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்குக் காரணம், ஒரு பகுதி ஈட்டும் வருமானமும் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் ஈட்டும் வருமானமும் இரண்டு தனித்தனிக் கணக்குகள் என்பதுதான். மகால் பகுதியில் கடந்த நாற்பது ஆண்டுகளில் முதல் கணக்கு ஏறிய அளவுக்கு இரண்டாவது ஏறவில்லை; முதலாவது ஏறியதே இரண்டாவதற்குரிய மனிதர்களை வெளியே தள்ளியது என்பது என் முடிவு.

கோட்டை இடிந்த இடத்தில்

மதுரையின் நடுப்பகுதியில் மக்கள் இடம் மாறுவது புதிதன்று. 1636ஆம் ஆண்டளவில் எழும்பிய மகாலின் இன்றைய மிச்சம் மூலக் கட்டடத்தில் ஒரு சிறு பங்கே. பத்துத்தூண் சந்தில் கடைகளுக்கு நடுவே நிற்கும் பெருந்தூண்கள் அந்த அரண்மனை எதுவரை பரவியிருந்தது என்பதற்குச் சான்று. அரண்மனை சுருங்கச் சுருங்க, அது விட்டுச்சென்ற நிலத்தில் வீடுகள் எழுந்தன. நாயக்கர் காலத்தில் ஆதரவு பெற்றுக் குடியமர்ந்த சௌராஷ்டிர நெசவாளர்கள், பழைய ஆவணங்கள் 'பட்டுநூல்காரர்' என்று குறிப்பிடும் மக்கள், மகாலைச் சுற்றிய தெருக்களில் தறி போட்டார்கள். 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது, இடித்துச் சமன் செய்பவர்களுக்கே மனை என்ற ஏற்பாட்டினால் நகரம் விரிந்தது. அந்தப் பணியை அளந்து நடத்தியவர்களின் பெயர்கள் மாரட் வீதியாகவும் பெருமாள் மேஸ்திரி வீதியாகவும் இன்றும் வழங்குகின்றன. பிளாக்பர்னின் நினைவுக்கு வைத்த விளக்கே விளக்குத்தூண். மகாலுக்குள் நெடுங்காலம் மாவட்ட நீதிமன்றம் இயங்கியதால், நெசவாளர்களோடு குமாஸ்தாக்களும் பத்திரம் எழுதுவோரும் வழக்கறிஞர்களும் இந்தத் தெருக்களில் குடியிருந்தார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மாற்றங்களில் ஒரு குடி வெளியேறினால் இன்னொரு குடி உள்ளே வந்தது. இன்று நடப்பதில் குடி வெளியேறும் இடத்துக்குச் சரக்கு வருகிறது.

எண்ணிக்கை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மதுரை மாநகராட்சியில் 1981இல் 8,20,891 பேரும், 1991இல் 9,40,989 பேரும், 2001இல் 9,28,869 பேரும், 2011இல் பழைய 72 வார்டுகளுக்குள் 10,17,865 பேரும் இருந்தார்கள். 1991க்கும் 2001க்கும் இடையில் நகரத்தின் மக்கள்தொகை 12,120 குறைந்தது என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். தமிழ்நாட்டின் இரண்டாவது பெரிய நகரமாக நெடுநாள் இருந்த ஊர், பேருந்திலும் கோயிலிலும் நாளுக்கு நாள் கூட்டம் பெருகிய ஊர், கணக்கில் எப்படிச் சுருங்கும்? விடை எல்லைக்கு வெளியே இருந்தது. அக்காலத்தில் தனி உள்ளாட்சிகளாக இருந்த அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் போன்ற ஊர்கள் வேகமாக வளர்ந்தன. மாநகராட்சியும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த மதுரைக் கூட்டுநகரத்தின் மக்கள்தொகை 2001இல் 12,03,095, 2011இல் 14,65,625. இவற்றிலிருந்து மாநகராட்சியின் எண்ணிக்கையைக் கழித்தால், வெளிவட்டத்தில் வாழ்ந்தவர்கள் பத்தாண்டில் 2,74,226இலிருந்து 4,47,760 ஆகியிருக்கிறார்கள். கூட்டுநகர எல்லை விரிந்ததன் பங்கும் இதில் இருக்கக்கூடும் என்றாலும், அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்ட இந்த உயர்வுக்கு அருகில் நகரத்துக்குள் ஏற்பட்ட 9.6 விழுக்காட்டை வைத்துப் பார்த்தால் நீர் எந்தப் பக்கம் ஓடியது என்பது விளங்கும்.

2011இல் அந்த வெளிவட்ட ஊர்கள் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு, வார்டுகள் 100 ஆயின. பரப்பு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148ஆக உயர்ந்தது. இந்த இணைப்பு நிர்வாகத்துக்கு நல்லது. ஆய்வாளருக்கோ, இதனால் ஒரு கண் மறைந்தது. பழைய எல்லையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 பேர் என்றிருந்த அடர்த்தி, புதிய எல்லையில் 10,000 என்று பாதியானது. நடுநகரம் குடி இழப்பதும் புறநகரம் குடி பெருக்குவதும் ஒரே சராசரிக்குள் கரைந்துவிட்டன. போதாக்குறைக்கு, 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்புக்கு அடிப்படை நாள் 2027 மார்ச் 1. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தெருக்களை யாரும் வீடு வீடாக முறைப்படி எண்ணவில்லை.

குடும்பத்தின் அளவு சுருங்கியதையும் சேர்த்தே எண்ண வேண்டும். 2011இல் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக நான்கு பேருக்கும் சற்றுக் குறைவு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், அதாவது 2019–21இல், மாநிலத்தின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1.8. ஒரு வீடு பூட்டப்படாமலே, அதில் எட்டுப் பேர் இருந்த இடத்தில் மூன்று பேர் இருக்கலாம். மகால் பகுதியில் இந்த இரண்டும் சேர்ந்தே நடந்தன: இளையவர்கள் குறைவாகப் பிறந்தார்கள், பிறந்தவர்களில் பலர் படித்து வெளியேறினார்கள், முதியவர்கள் தங்கினார்கள்.

தறி இருந்த முன்கட்டு

எங்கள் வளவுக்கு எதிர் வீட்டின் முன்கட்டில் ஒரு குழித்தறி இருந்தது. தரையைத் தோண்டி மிதிக்கட்டையை உள்ளே இறக்கி, நெய்பவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அமரும் தறி அது. வீட்டுப் பெரியவர் நெய்தார்; அவருடைய மனைவி ஊடை நூலுக்குத் தார் சுற்றினார்; பெண்பிள்ளைகள் மாலையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டார்கள். அந்த வீட்டின் வருமானம் என்பது ஒருவருடைய கூலி அன்று, நான்கைந்து பேருடைய கைவேலை சேர்ந்த தொகை. வாடகைக்குப் பட்டறை எடுக்க வேண்டியதில்லை; போக்குவரத்துச் செலவில்லை; சமையலுக்கும் தறிக்கும் நடுவே பெண்களின் நேரம் வீணாகாது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நெசவாளர் கூலி மிகக் குறைவு என்று மட்டும் சொல்வார்கள். அந்தக் குறைந்த கூலியிலும் குடும்பம் நடந்தது, வீடும் தொழிற்கூடமும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால்தான்.

தெருவும் அந்தத் தொழிற்கூடத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. விடியற்காலையில் பாவை, அதாவது நெடுக்கு நூல்களை, நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சிப் பசை தடவி, பாவாற்றி என்னும் தூரிகையால் வருடிக் காயவிடுவதற்கு நேரான, வண்டி வராத தெரு வேண்டும். 1980களில் இருசக்கர வாகனங்களும், அதன் பின் சரக்கு வண்டிகளும் பெருகியபோது முதலில் நின்றது இந்தத் தெருப்பாவுதான். பாவை வெளியில் கொடுத்துப் போட்டு வாங்கினால் கூலியில் ஒரு பங்கு கையைவிட்டுப் போகும். நூல் விலை ஏற்றம், விசைத்தறியின் போட்டி, பருத்திச் சேலையின் இடத்தைச் செயற்கை இழை பிடித்தது என்று நெசவு நலிந்ததற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் சரியானவை. ஆனால் தெருவை இழந்ததும் ஒரு காரணம் என்று எங்கும் எழுதப்படவில்லை என்பது எனக்கு வருத்தம். வணிகம் வளர்ந்ததும் நெசவு தேய்ந்ததும் ஒரே பத்தடி அகலத் தெருவில் நடந்த இழுபறி.

சுங்குடியின் கதை இன்னும் நுட்பமானது. துணியில் ஆயிரக்கணக்கான சிறு முடிச்சுகளை நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, பின் இழுத்து அவிழ்த்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெள்ளைப் புள்ளியாக மலரும். இந்த வேலையை வீட்டுக்குள் இருந்தபடி பெண்கள் செய்தார்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் காப்பாற்றப்பட்ட அதே காலத்தில், சந்தையில் விற்ற பெரும்பாலான சேலைகள் மெழுகு அச்சாகவும் திரை அச்சாகவும் மாறியிருந்தன. அச்சுக்குப் பட்டறையும் ஆண் கூலியாட்களும் போதும். குறியீடு ஒரு பொருளின் பெயரைக் காத்தது. அந்தப் பொருளிலிருந்து பெண்களுக்கு வந்த கைவரவை அது காக்கவில்லை. மகால் பகுதிக் குடும்பங்களின் வருமானம் எந்த இடத்தில் முதலில் விரிசல் கண்டது என்று என்னைக் கேட்டால், இந்த முடிச்சுக் கூலியைத்தான் காட்டுவேன்.

2019–20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் குறைவு என்று தெரியவந்தது. 2022–23க்கான குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி தமிழ்நாட்டு நகர்ப்புறத்தில் தலைக்கு ஒரு மாதச் செலவு 7,630 ரூபாய். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல். முதலாவது நாடு முழுவதற்குமானது, இரண்டாவது மாநிலத்துக்கு உரியது, ஆண்டுகளும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது முறையாகாது. எனினும் ஒரு குடும்பமே ஈட்டும் தொகை, நகரத்தில் ஒரு தனி ஆளின் சராசரிச் செலவுக்கும் எட்டவில்லை என்னும் இடைவெளி, ஆண்டுக் கணக்கைச் சரிசெய்தால் மறைந்துவிடும் அளவு சிறியதன்று.

எதிர் வீட்டுப் பெரியவரின் மகன்கள் இருவரும் தறியில் உட்காரவில்லை. மூத்தவர் விளக்குத்தூண் கடையொன்றில் விற்பனையாளராகச் சேர்ந்தார். இளையவர் பொறியியல் படித்து வெளியூர் போனார். இந்தச் சமூகம் கல்வியில் காட்டிய முனைப்பு குறிப்பிடத்தக்கது. விளாச்சேரியில் உள்ள சௌராஷ்டிரக் கல்லூரி போன்ற நிறுவனங்களை அவர்கள் தாமே கட்டி எழுப்பிக்கொண்டார்கள். படிப்பால் மேலே ஏறிய குடும்பங்கள் வெளியேறின. ஏற முடியாத குடும்பங்களும் வெளியேறின, கைத்தறி நகர், அனுப்பானடி, வில்லாபுரம் என்று. இரண்டு வெளியேற்றங்களும் கணக்கில் ஒரே மாதிரி 'இடப்பெயர்வு' என்று பதிவாகும். ஒன்று வசதி தேடிப் போனது, மற்றது வாடகை தாங்காமல் போனது என்ற வேறுபாட்டை எந்தப் பட்டியலும் காட்டாது.

பெரியவர் இறந்த பின் தறியைப் பிரித்தார்கள். குழியில் கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்பி மேலே சிமெண்ட் பூசினார்கள். முன்கட்டு ஒரு மொத்தக் கடைக்காரரின் கிட்டங்கியாயிற்று.

ஒத்தியும் பகடியும்

வீடு எப்படிக் கிட்டங்கியாகிறது என்பதை விளக்க, மதுரையின் வாடகை முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மதுரையிலும் தென்மாவட்டங்களிலும் குடியிருப்புக்கு ஒத்தி என்றொரு ஏற்பாடு பரவலாக உண்டு. குடிவருபவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்து, பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருப்பார். காலம் முடிந்ததும் தொகை அப்படியே திரும்பும். கையில் சேமிப்போ நகையோ உள்ள, ஆனால் மாத வரவு நிலையில்லாத குடும்பத்துக்கு இது பெரிய காப்பு. தறிக்கூலி ஒரு மாதம் வரும், மறுமாதம் வராது. வாடகை என்ற கெடு இல்லாததால் அடுப்பு அணையாது. என் தந்தையும் ஒத்திக்குத்தான் அந்தப் பின்கட்டைப் பிடித்தார். வீட்டுக்காரருக்கும் அது பயன்பட்டது: மகள் திருமணத்துக்கோ கடை முதலீட்டுக்கோ வட்டியில்லாத பணம் கிடைத்தது.

இந்த ஏற்பாடு நிற்பதற்கு, அந்த இடத்திலிருந்து குடியிருப்பைத் தவிர வேறு வழியில் அதிகம் கிடைக்காது என்ற நிலை வேண்டும். விளக்குத்தூண், ஜடாமுனி கோயில் தெரு, பத்துத்தூண் வட்டாரத்தில் ஜவுளியும் பிளாஸ்டிக்கும் பாத்திரமும் மொத்த வணிகமாகப் பெருகியபோது அந்த நிலை மாறியது. கடைக்காரர் அட்வான்ஸும் கொடுப்பார், மாத வாடகையும் கொடுப்பார். முன்பிருந்தவரிடமிருந்து கடை கைமாறினால் பகடி என்ற தனித்தொகையும் புழங்கும். முன்கட்டு மட்டும் கடையாகி, பின்கட்டில் குடி தொடர்ந்த வீடுகள் சில காலம் இருந்தன. பிறகு சரக்கு பின்கட்டுக்கும் நீண்டது. ஒத்தித் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்ட குடும்பம், அதே தொகைக்கு அதே பகுதியில் இன்னொரு வீடு பிடிக்க முடியாது. பத்தாண்டுக்கு முன் கொடுத்த தொகை எண்ணிக்கை குறையாமல் திரும்பினாலும் அதன் மதிப்பு குறைந்துவிட்டது. அதைக் கொண்டு அவர்கள் பிடிக்க முடிந்தது ஊருக்கு வெளியே. ஒத்தியின் இந்த ஓட்டையைப் பலர் வெளியேறும் நாளில்தான் உணர்ந்தார்கள்.

சட்டங்களும் தத்தம் பங்கை ஆற்றின. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பழைய குடிகளின் வாடகை உயராமல் நின்றது. வாடகை வராத வீட்டுக்கு உடைமையாளர் ஓடு மாற்றவில்லை, சுண்ணாம்பு பூசவில்லை. பாதுகாக்கப்பட்ட குடி இடிந்த கூரையின் கீழ் வாழ்ந்தது. 2019 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தின் இடத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்ட புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்னொரு பக்கம், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற விதி இருக்கிறது. கோபுரங்களின் காட்சியைக் காக்கும் இந்த விதியை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அதன் விளைவு ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும்: உயர முடியாத நிலத்தில் கடைக்கும் குடிக்கும் நேரடிப் போட்டி வரும்போது, தரைத்தளம் கடைக்கும் மேல் தளங்கள் வீட்டுக்கும் என்று ஒதுக்கும் விதி எதுவும் கூடவே இல்லாததால், அதிக வாடகை தருபவர் எல்லாத் தளங்களையும் எடுத்துக்கொள்கிறார்.

வாரிசுரிமையும் இதில் சேர்கிறது. இந்தப் பகுதியின் வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. ரயில் பெட்டி போல் அறைக்குப் பின் அறை. 1989இல் தமிழ்நாடு பெண்களுக்கும் பூர்விகச் சொத்தில் சமபங்கு தந்தது. அது நெடுநாள் தாமதமாக வந்த நீதி. ஆனால் பத்தடி அகல வீட்டை ஐந்து பேருக்குப் பிரிக்க வழியில்லை. விற்றுப் பணமாக்கினால்தான் பங்கு கிடைக்கும். விற்றால் வாங்குபவர் பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரராகவே இருப்பார்.

பகலில் வருபவர்கள், இரவில் தங்குபவர்கள்

இன்று இந்தப் பகுதியில் ஈட்டப்படும் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தால் படம் தெளிவாகும். கட்டட உடைமையாளர் அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ வசிக்கிறார். நகரத்தின் எடை வடகிழக்கே சாய்ந்து நெடுநாளாகிறது: 1999இல் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் வந்தது, 2004 ஜூலையில் ஒத்தக்கடை அருகே உயர்நீதிமன்றக் கிளை தொடங்கப்பட்டது, மருத்துவமனைகளும் அலுவலகங்களும் அந்தத் திசையிலேயே பெருகின. மொத்த வணிகரில் ஒரு சாரார் ராஜஸ்தானையும் குஜராத்தையும் பூர்விகமாகக் கொண்டவர்கள். அவர்களில் சில குடும்பங்கள் கடைக்கு மேலேயே தலைமுறைகளாக வாழ்கின்றன. இன்று இந்தப் பகுதியில் குடும்பமாகத் தங்கியிருப்பவர்களில் அவர்களும் ஒரு பகுதியினர் என்பதால், வெளியார் வந்து ஊரைப் பிடித்துக்கொண்டார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. வெளியேறியவர்களின் வீட்டைக் கடையாக்கியவர்களில் உள்ளூர்க்காரர்களே மிகுதி.

கடைச் சிப்பந்திகள் பகலில் வருகிறார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்தும் புறநகரிலிருந்தும் வரும் இளம்பெண்கள் இவர்களில் கணிசமானவர்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது, சம்பளம் உயராமலே கைக்கு வரும் தொகையை உயர்த்தியது. அதே ஆண்டு, கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. ஒரு காலத்தில் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்ட பெண்ணின் பேத்தி, அதே தெருவின் கடையில் பத்து மணி நேரம் நின்று விற்கிறாள் என்ற நிலையில், அந்தத் திருத்தம் ஏட்டோடு நின்றுவிடாமல் கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலியாக வந்து சேர வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

கடைக்கு மேலேயே வாழும் அந்த வணிகக் குடும்பங்களைத் தவிர, இரவில் தங்குபவர்கள் மூன்று வகையினர். முதலாவது, சொந்த வீட்டில் இருக்கும் முதியவர்கள். மாடிப் போர்ஷனில் தாங்கள், கீழே கடை என்று வாடகையில் வாழ்பவர்கள் இவர்களில் வசதியானவர்கள். இரண்டாவது, இடுக்கு வீடுகளில் இன்னும் ஒத்திக்கும் குறைந்த வாடகைக்கும் இருக்கும் குடும்பங்கள்: சுமை தூக்குபவர், தையல்காரர், வீட்டு வேலை செய்பவர். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்ற வரம்புக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் இவர்களே. மூன்றாவது, வடமாநிலங்களிலிருந்து தனியாக வந்து, கிட்டங்கி மாடியிலும் பட்டறையிலும் அறைக்குப் பலராகத் தங்கும் ஆண்கள். தெற்கு ஆவணி மூல வீதியின் நகைத் தொழிலோடு வந்த வங்காளத்துப் பொற்கொல்லர்களும், தங்கம் உருக்கிச் சுத்தம் செய்யும் மராட்டியர்களும் இவர்களுக்கு முன்னோடிகள். மராட்டியர்கள் பலர் குடும்பத்தோடு நிலைத்துவிட்டார்கள். புதியவர்களுக்கு அது இன்னும் வாய்க்கவில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தாலும், அறையில் பலராகத் தங்கும் தனி ஆண்களின் அட்டை பெரும்பாலும் ஊரில் உள்ள மனைவியிடம் இருக்கிறது.

இதற்கு நேர்மாறானது வெளியேறியவர்களின் அட்டை. எங்கள் குடும்பமே வில்லாபுரம் போன பிறகும் சில ஆண்டுகள் பழைய முகவரியில் ரேஷன் வாங்கியது. அப்பா வேலைக்குப் பழைய பகுதிக்கே போய்வந்தார் என்பதால் சிரமம் தெரியவில்லை. அட்டை இங்கே, அடுப்பு அங்கே. ரேஷன் அட்டையையும் பழைய வாக்காளர் பட்டியலையும் கொண்டு இந்தப் பகுதியின் மக்கள்தொகையை மதிப்பிடுபவர்கள் அதைக் கூடுதலாகவே மதிப்பிடுவார்கள். அறைகளில் தங்கும் தொழிலாளர்களை மொத்தமாக விட்டுவிடுவார்கள்.

மாற்றத்தைத் தெரு வாரியாக அளக்க நம்பகமான வழி இரண்டு உண்டு. ஒன்று மின்னிணைப்பு: வீட்டுக்கான 1-ஏ கட்டணப் பிரிவிலிருந்து வணிகத்துக்கான 5ஆம் பிரிவுக்கு மாறிய இணைப்புகளை ஆண்டு வாரியாக எடுத்தால், எந்தத் தெருவில் எப்போது வீடு கடையானது என்பது தெரிந்துவிடும். மற்றது மாநகராட்சியின் சொத்து வரிப் பதிவு. 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது, 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடும் வணிகக் கட்டடத்துக்கு 100 விழுக்காடும் என்று வேறுபடுத்தியதால், எது குடியிருப்பு எது வணிகம் என்ற பகுப்பு அந்தப் பதிவேடுகளில் இருந்தாக வேண்டும். குடியிருப்பு என்று பதிந்துவிட்டுக் கிட்டங்கி நடத்துபவர்கள் இருப்பார்கள் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு பதிவுகளையும் பெயர், முகவரி நீக்கித் தெரு அளவில் வெளியிடுவதற்குப் பெரிய செலவில்லை. தரைத்தளம் கடையாக இருந்தாலும் மேல் தளத்தில் குடும்பம் வசித்தால் அந்தத் தளத்துக்கு வரியில் சலுகை என்று மாநகராட்சி அறிவித்தால், உடைமையாளர்கள் சிலராவது மாடியைச் சரக்குக்கு விடாமல் குடிக்கு விடுவார்கள். கடையும் குடியும் ஒரே கட்டடத்தில் இருப்பது மதுரைக்குப் பழகிய வாழ்க்கை. அதற்கு வேண்டியது புதுக் கட்டடம் அன்று, வாடகையில் ஒரு சிறு ஈடு.

வரவிருக்கும் கணக்கெடுப்பின் வீட்டுப்பட்டியல் படிவத்தில், ஒவ்வொரு கட்டடமும் எதற்குப் பயன்படுகிறது என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு: குடியிருப்பு, குடியிருப்போடு வேறு பயன், கடை, அலுவலகம், காலி என்று. எதிர் வீட்டு வாசலுக்கு எண்ணுபவர் ஒரு முற்பகலில் வந்து நிற்பார். கீழே கிட்டங்கி பூட்டியிருக்கும். சாவி கடையில் இருக்கும். மாடியில் ஐந்து பாய்கள் சுருட்டி வைத்திருக்கும். படுத்தவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். சொத்து வரி ரசீதில் இறந்துபோன பெரியவரின் பெயரே இன்னும் இருக்கும். அந்தக் கட்டத்தில் அவர் என்ன குறிப்பதானாலும், மாலை கடை அடைத்த பிறகு ஒரு முறை திரும்பி வந்து மாடி விளக்கைப் பார்த்துவிட்டுக் குறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.